பேக்ரவுண்ட் த்ரெட் ஓடுது, அவுட்புட்டை மட்டும் காணோமா? ஜூபிட்டர் நோட்புக்ல புதுசா இறங்குறவங்களுக்கு

எங்க மாமாவுக்கு ஊட்டி பக்கத்துல கேத்தி பள்ளத்தாக்குல கொஞ்சம் தோட்டம் இருக்கு, கேரட்டும் பூண்டும் போடுவாரு. டிசம்பர், ஜனவரி வந்தா முதல்ல நீர்ப்பனி, அப்புறம் உறைபனி. உறைபனி விழப்போகுதுன்னு விடியறதுக்கு முன்னாடியே தெரிஞ்சா எந்திரிச்சு ஸ்பிரிங்ளரை திருப்பி விடலாம், தெரியலேன்னா காலையில இலை எல்லாம் வெள்ளையா நிக்கிறதை பாத்துட்டு டீ குடிக்க வேண்டியதுதான். சரி நமக்குத்தான் பைத்தான் கொஞ்சம் தெரியுமேன்னு ஒரு ராஸ்பெர்ரி பை (கையளவு கம்ப்யூட்டர்), ஒரு டெம்பரேச்சர் சென்சார் வாங்கி, ஜூபிட்டர் நோட்புக்ல ஒரு பேக்ரவுண்ட் த்ரெட்டை (மத்த வேலையை தடுக்காம பின்னாடி தனியா ஓடுற வேலை) விட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை பிரின்ட் பண்ண சொல்லிட்டு தூங்கிட்டேன். காலையில பாத்தா நான் த்ரெட் ஆரம்பிச்ச செல்லுக்கு கீழ நாலு வரி, அவ்வளவுதான். மீதி எல்லாம் தூங்கறதுக்கு முன்னாடி நான் கடைசியா ரன் பண்ண கிராஃப் செல்லுக்கு அடியில போய் கொட்டியிருக்கு, அதோட அவுட்புட்டை நான் மடிச்சு வச்சிருந்தேன். அதை விரிச்சு பாத்தா ராத்திரி ரெண்டே கால் மணிக்கே எரர் வந்து த்ரெட் செத்துப் போயிருக்கு. மாமா ஒண்ணும் சொல்லல, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

அந்த சீசன் முழுக்க அடிபட்டு கத்துக்கிட்டதை வரிசையா எழுதுறேன். உங்களுக்கு சென்சார் இருக்கணும்னு இல்ல, டவுன்லோடு, வெப் ஸ்கிரேப்பிங், எதை பேக்ரவுண்ட்ல ஓட்டினாலும் இதே கதைதான். ஒரு விஷயம், கட்டளை பேரெல்லாம் இங்க தமிழ் எழுத்துலதான் எழுதியிருக்கேன், டைப் பண்ணும்போது இங்கிலீஷ் எழுத்துல போட்டுக்கோங்க, டாட்னா புள்ளி, பேர் நடுவுல சின்ன கோடு வந்தா அண்டர்ஸ்கோர்.

0. கையில என்ன இருக்கணும், எவ்வளவு ஆகும்

சாஃப்ட்வேருக்கு காசு கிடையாது. பைத்தான் 3.8க்கு மேல இருக்கணும், ஏன்னு ஆறாவதுல சொல்றேன். ஜூபிட்டர்லேப், ஐபைகர்னல் (நோட்புக்குக்கு பின்னாடி உங்க கோடை ஓட்டுற கர்னல்), ஐபைவிட்ஜெட்ஸ் (நோட்புக்குக்குள்ள பட்டன், பெட்டி வைக்கிறதுக்கு) மூணும் இன்ஸ்டால் ஆகியிருக்கணும். ஆனதும் டெர்மினல்ல பிப் லிஸ்ட் அடிச்சு வர்றதை ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல சேவ் பண்ணி வைங்க. யார்கிட்ட உதவி கேட்டாலும் முதல் கேள்வி "எந்த வெர்ஷன்?"தான், இந்த விஷயத்துல அது சும்மா கேக்குற கேள்வி இல்ல, வெர்ஷன் மாறினா அவுட்புட் போற இடமே மாறும்.

என்னை மாதிரி சென்சார் வைக்கிறவங்களுக்கு, டிஎஸ்18பி20ன்னு தண்ணி புகாத புரோப் ஒண்ணு, எனக்கு 150 ரூபா கிட்ட ஆச்சு, கூட 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு, அது ரெண்டு ரூபா கூட இருக்காது, ஆனா ஊட்டியில அலைஞ்சு கிடைக்காம கோயம்புத்தூர்ல இருந்து வரவழைச்சேன், கூரியர் காசு ரெசிஸ்டரை விட பல மடங்கு. வாங்கும்போதே பத்து வாங்கிடுங்க.

நேரம்னு பாத்தா, கீழ இருக்கிறதை எல்லாம் செய்ய ரெண்டு சாயங்காலம் போதும். எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு.

1. முதல்ல உங்க மெஷின்ல அவுட்புட் எங்க போகுதுன்னு பாருங்க

இதுக்கு ரெண்டே நிமிஷம்தான். யாரோ சொன்னாங்கன்னு எதையும் நம்பாம இதை செஞ்சு பாத்துடுங்க.

ஒரு ஃபங்ஷன் எழுதுங்க, ஒண்ணுல இருந்து 60 வரைக்கும் செகண்டுக்கு ஒரு நம்பர் பிரின்ட் பண்ற மாதிரி. அதை த்ரெட்டிங் டாட் த்ரெட்ல டார்கெட்டா குடுத்து ஸ்டார்ட் பண்ணுங்க. செல் உடனே முடிஞ்சிடும், நம்பர் மட்டும் கீழ வந்துட்டே இருக்கும். அஞ்சாறு நம்பர் வந்ததும் அடுத்த செல்லுல சும்மா ஒரு பிரின்ட் போட்டு ரன் பண்ணுங்க. இப்ப நம்பர் எங்க வருதுன்னு பாருங்க.

ரெண்டாவது செல்லுக்கு கீழ தாவிடுச்சுன்னா உங்க ஐபைகர்னல் பழைய மாதிரி வேலை செய்யுது, அதாவது த்ரெட்ல இருந்து வர்ற பிரின்ட் எல்லாம் கடைசியா ரன் ஆன செல்லுக்கு போகும். முதல் செல்லுலயே இருந்துச்சுன்னா புதுசு, த்ரெட்டை ஆரம்பிச்ச செல்லுக்கே அனுப்புது. ரெண்டாவது வகைன்னு சந்தோஷப்பட்டு இதோட நிறுத்திடாதீங்க, நாளைக்கே வேற மெஷின்ல வேற வெர்ஷன்ல ஓட்டுவீங்க, அங்க தாவும்.

நோட்புக் இல்லாம வெறும் பைத்தான் ஷெல்லுல ஓட்டினா இன்னும் கூத்து, நீங்க டைப் பண்ணிட்டு இருக்கிற வரி நடுவுலயே வந்து விழும். பதறாதீங்க, நீங்க அடிச்சது எதுவும் கெடலை, பாக்கத்தான் அசிங்கமா இருக்கும்.

2. த்ரெட்டுக்கு பேர் வைங்க, நிறுத்த வழி வைங்க

இது அவுட்புட் சமாச்சாரம் இல்லையேன்னு தோணும். ஆனா "ஏன் ஒவ்வொரு வரியும் மூணு தடவை வருது"ன்னு நான் ஒரு முழு நாள் மண்டையை உடைச்சிக்கிட்டதுக்கு காரணம் இதுதான், செல்லை மூணு தடவை ரன் பண்ணியிருந்தேன், மூணு த்ரெட் ஓடிட்டு இருந்துச்சு. மறுபடி ரன் பண்ணா பழசு நின்னுடும்னு நாமளா நினைச்சுக்கிறோம், நிக்காது.

மேல இருக்கிற ஸ்டாப் பட்டனும் உதவாது. அது மெயின் த்ரெட்டை மட்டும்தான் நிறுத்தும், பின்னாடி ஓடுறது பாட்டுக்கு ஓடும். கர்னலை ரீஸ்டார்ட் பண்ணா நிக்கும், ஆனா கூடவே நீங்க வச்சிருந்த எல்லா டேட்டாவும் போயிடும்.

அதனால இப்படி பண்ணுங்க. த்ரெட்டிங் டாட் இவென்ட் ஒண்ணு உருவாக்கி அதை ஆர்கியுமென்ட்டா ஃபங்ஷனுக்கு குடுங்க. உள்ள டைம் டாட் ஸ்லீப் 60ன்னு போடாம அந்த இவென்ட்டோட வெயிட் 60ஐ போடுங்க. ரெண்டும் 60 செகண்ட் காத்திருக்கும், ஆனா நீங்க இவென்ட்டை செட் பண்ண உடனே வெயிட் ட்ரூன்னு சொல்லி எழுந்திரிக்கும், லூப்பை முடிச்சிடலாம். ஸ்லீப்னா தூக்கம் முடியிற வரைக்கும் உக்காந்திருக்கணும்.

த்ரெட் உருவாக்கும்போது நேம்னு ஒரு பேர் குடுங்க, நான் "பனி-1"னு வச்சிருக்கேன். டீமன் ட்ரூன்னும் போட்டுடுங்க, இல்லேன்னா இதையே ஸ்கிரிப்ட்டா ஓட்டும்போது புரோகிராம் முடியாம தொங்கும். இப்ப எது எது உயிரோட இருக்குன்னு பாக்க த்ரெட்டிங் டாட் எனுமரேட். அதுல நீங்க வைக்காத பேரும் நாலஞ்சு வரும், ஜூபிட்டர் தன் வேலைக்கு வச்சிருக்கிறது, அதை தொடாதீங்க.

ஜாக்கிரதையா இருக்க வேண்டிய இடம்: இவென்ட்டை உருவாக்குற வரியும் த்ரெட் ஸ்டார்ட் பண்ற வரியும் ஒரே செல்லுல இருந்து அதை மறுபடி ரன் பண்ணா, பழைய இவென்ட் உங்க கையை விட்டு போயிடும், அதுக்கப்புறம் கர்னலை ரீஸ்டார்ட் பண்ணாம பழைய த்ரெட்டை நிறுத்த வழியே இல்ல. செல்லோட முதல் வரியிலேயே "பழசு உயிரோட இருந்தா அதோட இவென்ட்டை செட் பண்ணு, ஜாயின் பண்ணு (அது முடியிற வரைக்கும் காத்திரு), அப்புறம் புதுசு"ன்னு எழுதி வச்சிடுங்க. ஜாயினுக்கு ஒரு டைம்அவுட் குடுங்க, அஞ்சு செகண்ட் போதும்.

இன்னொண்ணு, ஃபங்ஷனை திருத்தி ரன் பண்ணிட்டா ஓடிட்டு இருக்கிற த்ரெட் திருந்தாது. அது ஆரம்பிக்கும்போது கையில வாங்கின பழைய ஃபங்ஷனைத்தான் ஓட்டிட்டு இருக்கும். திருத்தின அப்புறம் நிறுத்தி, மறுபடி ஆரம்பிக்கணும்.

3. பிரின்ட்டை விட்டுட்டு லாகிங்குக்கு வாங்க

இது ஒண்ணு பண்ணாலே பாதி தலைவலி போயிடும். த்ரெட் எந்த செல்லுக்கும் எழுத வேண்டாம், ஒரு ஃபைலுக்கு எழுதட்டும். அப்ப எந்த செல் கடைசியா ஓடுச்சு, பிரவுசர் திறந்திருந்துச்சா மூடியிருந்துச்சா, எதுவும் பிரச்சனை இல்ல.

பைத்தான் கூடவே வர்ற லாகிங் மாட்யூல்ல பேசிக்கான்ஃபிக்னு இருக்கு. அதுக்கு மூணு விஷயம் சொல்லணும், ஃபைல் பேரு, லெவல் இன்ஃபோன்னு, ஃபார்மேட்ல நேரம், த்ரெட் பேரு, மெசேஜ். லெவலை மறந்தீங்கன்னா இன்ஃபோ வரி எதுவும் ஃபைல்ல விழாது, ஏன்னா தானா இருக்கிறது வார்னிங் லெவல். நான் இதுல ஒரு ராத்திரியை விட்டேன். ஃபார்மேட்ல த்ரெட் பேரு வர்றதாலதான் ரெண்டாவதுல பேர் வைக்க சொன்னேன், ரெண்டு சென்சார் போட்டப்புறம் எந்த வரி எந்த பாத்தியில இருந்து வருதுன்னு அதை வச்சுத்தான் கண்டுபிடிக்கிறேன். பல த்ரெட் ஒரே நேரத்துல எழுதினாலும் வரி ஒண்ணோட ஒண்ணு கலக்காது, லாகிங் உள்ளுக்குள்ள பூட்டு போட்டு பாத்துக்கும், பிரின்ட்ல அந்த உத்தரவாதம் இல்ல.

பேசிக்கான்ஃபிக்கை ரெண்டாவது தடவை கூப்பிட்டா அது ஒண்ணும் பண்ணாது, எரரும் சொல்லாது. ஃபைல் பேரை மாத்திட்டு "ஏன் பழைய ஃபைலுக்கே போகுது"ன்னு முழிப்பீங்க. ஃபோர்ஸ் ட்ரூன்னு சேத்துக்கோங்க. அதுக்கு நேர் எதிர், ஆட்ஹேண்ட்லர் வச்சு ஹேண்ட்லரை (லாக் எங்க போகணும்னு சொல்றது) தாங்களே சேக்குறவங்க செல்லை எத்தனை தடவை ரன் பண்றாங்களோ அத்தனை தடவை ஒரே வரி வரும். த்ரெட் ரெண்டு ஓடுதா ஹேண்ட்லர் ரெண்டு இருக்கான்னு குழம்பினா எனுமரேட் போட்டு பாருங்க, த்ரெட் ஒண்ணுதான்னா ஹேண்ட்லர்தான் குற்றவாளி.

இப்ப பாக்குறது எப்படின்னா, ஜூபிட்டர்லேப்லயே டெர்மினல் திறக்கலாம், அதை நோட்புக்குக்கு பக்கத்துல இழுத்து வச்சுக்கிட்டு டெயில் மைனஸ் எஃப் போட்டு ஃபைல் பேரை குடுங்க. புது வரி வர வர ஓடிட்டே இருக்கும், இந்தப் பக்கம் நீங்க உங்க வேலையை பாக்கலாம். நான் தினமும் பாக்குறது இப்படித்தான், மீதி எல்லாம் அழகுக்கு.

ஃபைல் பெருசாகுமேன்னு பயப்படாதீங்க. வரிக்கு 60 பைட்னு வச்சா நிமிஷத்துக்கு ஒண்ணுன்னா நாளைக்கு 1,440 வரி, 86 கேபி. வருஷம் முழுக்க விட்டாலும் 32 எம்பிக்குள்ளதான். செகண்டுக்கு பத்து வரி எழுதுறவங்களுக்குத்தான் ரொட்டேட்டிங் ஃபைல் ஹேண்ட்லர் (ஃபைல் நிறைஞ்சதும் பழசை ஒதுக்கிட்டு புதுசு ஆரம்பிக்கிறது) வேணும், அதுல பேக்கப்கவுன்ட்டை சுழியமா விட்டா ரொட்டேட்டே ஆகாது, ஒண்ணாவது போடுங்க. ரொட்டேட் ஆகுற ஃபைலை பாக்கும்போது டெயில்ல சின்ன எஃப்புக்கு பதிலா பெரிய எஃப்.

4. இல்ல, எனக்கு நோட்புக்குக்குள்ளயே தெரியணும்னா

ஐபைவிட்ஜெட்ஸ்ல அவுட்புட்னு ஒரு விட்ஜெட். அதை ஒரு செல்லுல உருவாக்கி டிஸ்ப்ளே பண்ணிட்டு, த்ரெட்டுக்குள்ள இருந்து அப்பென்ட்-எஸ்டிடிஅவுட் மெத்தடை கூப்பிட்டு எழுதணும். எந்த செல் ரன் ஆனாலும் அந்த பெட்டிக்குள்ளதான் போகும்.

நெட்ல பாக்குற பாதி உதாரணத்துல வித் போட்டு உள்ள பிரின்ட் பண்ணியிருப்பாங்க. மெயின் த்ரெட்ல அது சரி, பேக்ரவுண்ட் த்ரெட்ல போடாதீங்க, நீங்க வேற செல் ரன் பண்ற நேரமும் அதுவும் ஒண்ணா விழுந்தா அந்த அவுட்புட்டும் பெட்டிக்குள்ள போய் மாட்டிக்கலாம். வரி கடைசியில புது வரி குறியை நீங்கதான் போடணும், அப்பென்ட் அதை போடாது, மறந்தா எல்லாம் ஒரே ரயில் பெட்டி மாதிரி நீளமா வரும்.

இந்த பெட்டி வளர்ந்துட்டே போகும், ரெண்டு நாள்ல பிரவுசர் திணறும். கடைசி அளவு மட்டும் போதும்னா அவுட்புட் வேண்டாம், எச்டிஎம்எல் விட்ஜெட் ஒண்ணு வச்சு அதோட வேல்யூவை மட்டும் மாத்திட்டே இருங்க. எங்க மாமாவுக்கு பெரிய எழுத்துல "1.6 டிகிரி, 4.12 மணி"ன்னு அதுலதான் காட்டுறேன். மணி முக்கியம், மணி இல்லாத நம்பர் நேத்து நம்பரா இன்னைக்கு நம்பரான்னு யாருக்கு தெரியும்.

பேஜை ரெஃப்ரெஷ் பண்ணி விட்ஜெட் காணாம போனா வேற செல்லுல அந்த வேரியபிள் பேரை மட்டும் போட்டு ரன் பண்ணுங்க, திரும்ப வரும். விட்ஜெட்லயே நிறுத்துற பட்டன் வச்சிருந்தீங்கன்னா ஒண்ணு ஞாபகம் வைங்க, மெயின் த்ரெட் ஏதாவது நீளமான செல்லுல பிஸியா இருந்தா பட்டனை அழுத்தினாலும் அது முடிஞ்சப்புறம்தான் கேக்கும்.

5. கிராஃப் போடணும்னா டேட்டாவை கை மாத்துங்க

த்ரெட்டுக்குள்ள இருந்தே மேட்பிளாட்லிப் வச்சு வரையாதீங்க, அது த்ரெட்டுக்குன்னு செஞ்சது இல்ல. த்ரெட் அளவை எடுக்கட்டும், வரையறது நீங்க செல்லுல பண்ணுங்க.

க்யூ டாட் க்யூ வைக்கலாம், த்ரெட் புட் பண்ணும், நீங்க கெட்-நோவெயிட் போட்டு காலியாகுற வரைக்கும் எடுப்பீங்க, காலியானா எம்ப்டின்னு எரர் வரும் அதை பிடிச்சு நிறுத்திக்கலாம். ஆனா மேக்ஸ்சைஸ் போட்டு வச்சுட்டு எடுக்க மறந்தா க்யூ நிறைஞ்சதும் புட் அங்கயே நின்னுடும், எரர் வராது, த்ரெட் உயிரோட இருக்கிற மாதிரியே தெரியும், ஆனா அளவு எடுக்காது. எனக்கு இப்ப க்யூவை விட கலெக்‌ஷன்ஸ்ல இருக்கிற டெக்தான் (deque) பிடிக்குது, நிமிஷத்துக்கு ஒரு அளவுன்னா மேக்ஸ்லென் 1440 குடுத்தா ஒரு நாள் கணக்கு மட்டும் வச்சிக்கிட்டு பழசை தானா தள்ளிடும். வரையறதுக்கு முன்னாடி லிஸ்ட்டா ஒரு காப்பி எடுத்துக்கோங்க, டெக் மேலயே நேரா லூப் போட்டா நடுவுல த்ரெட் எழுதும்போது எரர் அடிக்கும்.

6. த்ரெட் செத்தா உங்களுக்கு தெரியணும்

என்னை கவுத்தது இதுதான். மெயின் செல்லுல எரர் வந்தா சிவப்பா முன்னாடி வந்து நிக்கும். த்ரெட்ல வந்தா அந்த டிரேஸ்பேக்கும் (எந்த வரியில என்ன எரர்ங்கிற விவரம்) மத்த அவுட்புட் போற இடத்துக்குத்தான் போகும், த்ரெட் சத்தமில்லாம முடிஞ்சிடும், மெயினுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க. எனக்கு நடந்தது என்னன்னா, ஈரத்துல வயர் ஜாயின்ட் விட்டுப்போய் சென்சார் ஃபைல் ஒரு தடவை காலியா வந்திருக்கு, நான் ரெண்டாவது வரியை எடுக்கப் போக இன்டெக்ஸ் எரர், முடிஞ்சது கதை. அடுத்த நிமிஷமே சென்சார் சரியாகி இருந்தாலும் கேக்க ஆள் இல்ல.

முதல்ல, லூப்புக்கு வெளிய இல்லாம லூப்புக்கு உள்ள ட்ரை போடுங்க, அப்பதான் ஒரு தடவை தப்பினாலும் அடுத்த சுத்து ஓடும். எக்செப்ட்ல பாஸ்னு மட்டும் போடாதீங்க, லாகிங் டாட் எக்செப்ஷனை கூப்பிடுங்க, முழு டிரேஸ்பேக்கும் நேரத்தோட ஃபைல்ல விழும். அதையும் தாண்டி வர்றதுக்கு த்ரெட்டிங் டாட் எக்செப்ட்ஹூக்குல உங்க ஃபங்ஷன் ஒண்ணை வச்சு அதையும் லாகுக்கு எழுத விடுங்க. இது பைத்தான் 3.8ல வந்தது, அதான் ஆரம்பத்துலயே வெர்ஷன் கேட்டேன்.

இதுக்கு மேல, கடைசி அளவு எப்ப வந்துச்சுன்னு பாக்குற ஒரு கணக்கு வைங்க. நிமிஷத்துக்கு ஒண்ணு எடுக்கும்போது அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆச்சுன்னா சத்தம் போடணும். இஸ்-அலைவ் ட்ரூன்னு வந்தா மட்டும் நம்பாதீங்க, மேல சொன்ன க்யூ மாதிரி உயிரோட சும்மா நிக்கிறதும் உண்டு.

சென்சார்காரங்களுக்கு மட்டும் ஒரு வரி: டிஎஸ்18பி20 கரன்ட் வந்த உடனே 85 டிகிரின்னு காட்டும், அது அதோட ஆரம்ப மதிப்பு, அளந்தது இல்ல. கேத்தியில ராத்திரி 85 டிகிரின்னு பாத்தா தூக்கிப் போட்டுடுங்க. ஒரு தடவை அளக்க முக்கால் செகண்ட் எடுக்கும், அதனாலதான் இதை மெயின் த்ரெட்ல வைக்காம பேக்ரவுண்ட்ல வைக்கிறோம்.

7. ரொம்ப பேசுற த்ரெட்

லூப்புல வெயிட் போட மறந்து பிரின்ட் மட்டும் இருந்தா அவுட்புட் திடீர்னு நின்னு, ஐஓபப் டேட்டா ரேட் எக்ஸீடட்னு ஒரு மெசேஜ் வரும். செகண்டுக்கு பத்து லட்சம் பைட்டுங்கிறது சர்வர் வச்சிருக்கிற எல்லை. அந்த எல்லையை கூட்டச் சொல்லி நிறைய பேர் சொல்வாங்க, கூட்டாதீங்க, த்ரெட் வாயை குறைங்க.

8. ராத்திரி முழுக்க ஓடணும்னா

பிரவுசர் டேபை மூடினா கர்னல் நிக்காது, த்ரெட் ஓடும். ஆனா மூடியிருந்த நேரத்துல பிரின்ட் ஆனது நோட்புக்ல திரும்ப வரும்னு எதிர்பாக்காதீங்க, பேஜை புதுசா திறந்தா போனது போனதுதான். ஃபைல்ல இருக்கும். கர்னல் உங்க லேப்டாப்லயே ஓடுதுன்னா மூடியை மூடாதீங்க, லேப்டாப் தூங்கினா த்ரெட்டும் தூங்கும்.

தரையோட ஒட்டி வைங்க புரோபை. மேகம் இல்லாத, காத்து இல்லாத ராத்திரியில நாலடி உயரத்துல மூணு டிகிரி இருக்கும்போதே புல்லு மேல உறைஞ்சிருக்கும். விடியற நேரத்தை ஒட்டித்தான் ரொம்ப கீழ இறங்கும், அதனால நாலு மணியில இருந்து ஆறரை வரைக்கும் நிமிஷத்துக்கு ஒண்ணு, மத்த நேரம் அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு வச்சிருக்கேன்.

கடைசியா நம்ம ஊரு பிரச்சனை. மரம் விழுந்து கரன்ட் போகும், கூடவே நெட்டும் போகும். ராஸ்பெர்ரி பை 4 வரைக்கும் போர்டுல கடிகாரம் கிடையாது, நெட்ல இருந்துதான் நேரம் எடுத்துக்கும். கரன்ட் திரும்பி வந்து நெட் வரலேன்னா அது கடைசியா சேவ் பண்ணின நேரத்துல இருந்து எண்ண ஆரம்பிக்கும், அதனால லாக்ல ரெண்டு மணிக்கு அப்புறம் மறுபடி ஒண்ணே முக்கால் வரும், நெட் வந்ததும் ஒரே தாவா அஞ்சுக்கு போகும். பைத்தான் 3.11ல இருந்து வெயிட் 60 அதுக்கு ஏமாறாது, இடைவெளி சரியாத்தான் இருக்கும், எழுதின மணிதான் தப்பு; அதுக்கு முந்தின வெர்ஷன்ல நேரம் தாவுற அந்த ஒரு இடைவெளியும் மாறலாம். கடிகார மாட்யூல் ஒண்ணு வாங்கி மாட்டுங்க, இல்ல என்னை மாதிரி ஒவ்வொரு வரியிலும் டைம் டாட் மோனோடானிக் மதிப்பையும் சேத்து எழுதுங்க. அது பூட் ஆனதுல இருந்து எண்ணும், பின்னாடி போகாது. நெட் வந்து நேரம் சரியான முதல் வரியை பிடிச்சு, அதுக்கும் பூட்டுக்கும் நடுவுல இருக்கிறதை மட்டும் பின்னோக்கி கணக்கு போட்டு மணியை திருத்திக்கலாம். கரன்ட் வந்தா கர்னல் தானா எந்திரிக்காது, த்ரெட்டும் தானா ஆரம்பிக்காது, அதையும் எழுந்து போய் நீங்கதான் ரன் பண்ணணும்.